சைபீரியாவில் குளிர் ஏறினால் தேக்காவில் கடை நனையும்

ஊரிலிருந்து வந்து இங்கே தேக்காவில், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கடை எடுத்தவர்களில் பாதிப் பேர் முதல் மாதமே கேட்பது, "அண்ணே, இன்வெர்ட்டர் எங்கே கிடைக்கும்?" என்றுதான். மீதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை. சிங்கப்பூரில் கரண்ட் போகாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். டிசம்பர் மழையில் இரண்டு தரப்பும் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்வெர்ட்டர் வேண்டாம். இங்கே மின்கம்பிகள் மண்ணுக்கு அடியில் ஓடுகின்றன. காற்றில் அறுந்து விழ ஒன்றும் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூட மின்தடை வருவதில்லை. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலை 1.18க்கு மின்னுற்பத்தி இயந்திரங்கள் இரண்டு நின்றுபோய், 146,000க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. 38 நிமிடத்தில் எல்லாருக்கும் வெளிச்சம் திரும்பிவிட்டது. அந்த 38 நிமிடத்தை ஊரே பல நாள் பேசியது. தினமும் எட்டு மணி நேரம் பவர்கட் பார்த்த நமக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் சிக்கலும் அங்கேதான். ஊரில் கரண்ட் போனால் கை தானாக மெழுகுவத்தியைத் தேடும். இங்கே பல கடைகளில் ஒரு டார்ச்கூட இருக்காது. தெருவுக்கே கரண்ட் போவது அபூர்வம். உங்கள் கடைக்கு மட்டும் போவது அப்படி அபூர்வம் இல்லை. அதுவும் நல்ல மழையில், ஞாயிற்றுக்கிழமை மாலையில், சிராங்கூன் சாலை முழுக்கக் கூட்டம் நிற்கும்போது.

மழை எங்கிருந்து வருகிறது

டிசம்பரிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இதன் முதல் பாதிதான் ஈரம். ஜனவரி கடைசிக்குமேல் பெரும்பாலும் காய்ந்துவிடும். வடக்கே சைபீரியப் பக்கம் குளிர் திரண்டு தெற்கே தள்ளும்போது, தென்சீனக் கடல்மேல் காற்று வலுத்து, ஈரத்தை வாரிக்கொண்டு இங்கே வந்து கொட்டுகிறது. அங்கே பனிப்புயலாக இருப்பது இங்கே இரண்டு மூன்று நாள் விடாத மழை. வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கும். ஊட்டி என்று நினைத்து மகிழலாம், இட்லி மாவு புளிக்கவில்லை என்று தெரியும் வரைக்கும்.

2025 ஜனவரியில் அப்படித்தான் ஆனது. 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை. ஜனவரி முழுவதற்கும் அங்கே வழக்கமாகப் பெய்வது 222 மில்லிமீட்டர்தான். வெள்ளியும் சனியும் கொட்டித் தீர்த்தது; செவ்வாய்க்கிழமை பொங்கல். கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் குவித்து வைத்திருந்தவர்கள் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானை நனைந்தால் ஒன்றும் ஆகாது. மஞ்சள் கொத்து மூன்று நாள் ஈரத்தில் இலை அழுகிவிடும். அடுத்த ஆண்டு கொள்முதல் செய்யும்போது கரும்பைக் கூட்டி, கொத்தை இரண்டு தவணையாக இறக்கச் சொல்லுங்கள். மார்ச் வந்துவிட்டது, இனி பயமில்லை என்றும் இருக்க வேண்டாம். அதே 2025 மார்ச் மூன்றாம் வாரத்தில் இன்னொரு தடவை வந்து, நோன்புப் பெருநாள் வியாபாரத்தை நனைத்தது.

இன்னொன்று சுமத்ராக் காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ, மேற்கிலிருந்து வரிசையாக இடியும் காற்றும் வரும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் கடந்துபோகும். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை வந்ததில் தெங்கா பக்கம் காற்று மணிக்கு 83 கிலோமீட்டரைத் தொட்டது. தீவு முழுக்க 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்கள் விழுந்தன அல்லது கிளைகள் முறிந்தன. காலையில் வந்தால் காய்கறி லாரி தாமதம், மாலையில் வந்தால் வெளியே வைத்த சாமான் பறக்கும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியைக் கைப்பேசியில் போட்டு, மழை எச்சரிக்கையை மட்டும் சத்தம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தண்ணீரையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் பியூபி வாரியத்தின் டெலிகிராம் சேனல். எந்தச் சாலையில் தண்ணீர் ஏறுகிறது என்று அதில் உடனுக்குடன் வரும்.

உங்கள் கடைக்குள் இருக்கும் புயல்

கரண்ட் போனதும் வெளியே எட்டிப் பாருங்கள். பக்கத்துக் கடையில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கோளாறு உங்கள் கடைக்குள்தான்; கடையின் மின்சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸைப் பாருங்கள். தெருவே இருட்டு என்றால் மட்டும் மின்விநியோக நிறுவனமான எஸ்பி குரூப்புக்கு அழைக்கலாம்: 1800 778 8888.

டிபி பாக்ஸ் டிரிப் ஆவதற்கு, அதாவது சுவிட்ச் தானாக விழுவதற்கு, மழைக்காலத்தில் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். கடைப் பலகையின் விளக்குக்குள் சாரல் போயிருக்கும். சில்லர் என்ற குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் தரையோடு கிடக்கும் பிளக் மீது துடைப்பத் தண்ணீர் பட்டிருக்கும். எங்கள் கடையில் பிடிபட்ட திருடன், கோயம்புத்தூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கிரைண்டர். வெயில் நாளில் ஒழுங்காக ஓடும். நான்கு நாள் மழை பெய்தால் மோட்டாருக்குள் ஈரம் இறங்கி, சுவிட்சைப் போட்டதும் கடை முழுக்க இருட்டு. மூன்று வாரம் நாங்கள் சில்லரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். பாக்ஸில் உள்ள சின்ன சுவிட்சுகளை எல்லாம் கீழே இறக்குங்கள். பெரிய சுவிட்சை மேலே ஏற்றுங்கள். பிறகு சின்னவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி டிரிப் ஆகிறதோ அந்தக் கம்பியில்தான் கோளாறு. அதை இறக்கியே விட்டுவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். சின்னவை எல்லாம் இறங்கியிருக்கும்போதே பெரியது மேலே நிற்காமல் விழுந்தால் தொடாதீர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணைப் பாக்ஸின் கதவிலேயே ஒட்டி வையுங்கள். இருட்டில் தேட முடியாது. தரையில் தண்ணீர் நின்று பிளக் அளவுக்கு ஏறியிருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

ஊரிலிருந்து எடுத்து வந்த எக்ஸ்டென்ஷன் போர்டை மட்டும் தயவுசெய்து பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். இங்கே பாதுகாப்பு முத்திரை இருக்கும் போர்டு பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். ஜெனரேட்டர் பேச்சே வேண்டாம். கடைவீட்டுக்குள்ளோ, கடை முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடிப் பாதையிலோ அதை ஓட்டினால் புகை மேல்மாடியில் தூங்குகிறவரைக் கொன்றுவிடும்.

ஷட்டர் கதை ஒன்று உண்டு. எங்களுடையது மின்சார ஷட்டர். ஒரு மாலை மழை தொடங்கியதும் அரிசி மூட்டைகளை உள்ளே இழுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதியில் தொங்குகிறது, சாரல் நேராகப் பருப்பு அலமாரிமேல் அடிக்கிறது. கையால் சுற்றும் இரும்புப் பிடி ஒன்று உண்டு என்று பழைய முதலாளி சாவி கொடுக்கும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. அது எங்கே? பக்கத்துக் கடைச் சீன அங்கிள் டார்ச்சோடு வந்து, எங்கள் கல்லா மேசைக்குக் கீழே காட்டினார். ஆடிய காலுக்கு முட்டுக் கொடுக்க அதைத்தான் வைத்திருந்தோம். இப்போது அது ஷட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நீங்கள் கடையை எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கி, ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

பிரிட்ஜ் விஷயத்தில் அவசரம்தான் எதிரி. கரண்ட் போனதும் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் பிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிறைந்த பிரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கண்ணாடிக் கதவு சில்லர் அவ்வளவு தாங்காது. பாலும் தயிரும் பனீரும் இருப்பது அதில்தான், ஆகவே அவற்றைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மீன் கடைக்காரர்கள் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டிகள் இரண்டைக் கழுவிக் காயவைத்து மேலே போட்டு வைத்தால், ஐஸ் வாங்கி நிரப்பியதும் வேலை முடிந்தது. உணவுக்கடை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கண்டிப்பு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவே கிடக்கும் சாப்பாட்டில் கிருமி பெருகும். சந்தேகம் வந்தால் குழம்பைக் கொட்டிவிடுங்கள். ஒரு வாடிக்கையாளர் வயிறு கெட்டால் போகும் பெயர் குழம்பு விலையைவிட அதிகம்.

தண்ணீர், சரக்கு, காசு

இங்கே திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் கொட்டிய காலம் வேறு. அதன் பிறகு கால்வாய்களை அகலப்படுத்திவிட்டார்கள். இருந்தாலும் 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையின் பெரிய கடைகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நமக்குத் தெரிய வேண்டியது நம் தெரு தாழ்வா என்பதுதான். வெள்ள அபாயமுள்ள இடங்களின் பட்டியலைப் பியூபி வெளியிடுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதைப் பாருங்கள், பக்கத்துக் கடையில் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே, "போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைக்கு மேலேதான் உங்கள் கீழ்த்தட்டு இருக்க வேண்டும். மூட்டைகள் பலகை மேடைமேல். வாசலுக்குத் தடுப்புப் பலகை. கடைக்கு முன்னால் உள்ள சாக்கடைக்குள் வாழைத்தண்டையும் பூநாரையும் தள்ளினால் அடைத்துக்கொண்டு அது உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். சாக்கடை அடைப்புக்கும் வெள்ளத்துக்கும் பியூபி எண் 1800 2255 782. மழை விட்டதும் தார்ப்பாய் மடிப்பில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கொசு முட்டை வைத்து, சோதனைக்கு வருகிறவர் பார்த்தால் அபராதம்.

சரக்கு விஷயத்தில் சிங்கப்பூர் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. இந்த ஊர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்குமேல் வெளியிலிருந்து வருகிறது. மலேசியாவில் மழை பிடித்தால் கேமரன் மலைக் காய்கறி விலை ஏறும். சென்னையில் புயல் என்றால் மல்லிகை வராது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். பூக்கடை அக்கா ஒருவர் கார்த்திகை, மார்கழியில் தமிழ்நாட்டு வானிலைச் செய்தியைத்தான் முதலில் கேட்பார். கல்யாண மாலைக்கு முன்பணம் வாங்கும்போதே, "புயல் வந்தா மல்லிக்குப் பதிலா ரோஜா, சம்பங்கி போட்டுத் தருவேன், சரியா தம்பி?" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி, ரசீதிலும் எழுதிவிடுவார். கடைசி நேரச் சண்டை அவர் கடையில் நான் பார்த்ததில்லை.

காசு: கரண்ட் போனால் அட்டையில் பணம் வாங்கும் நெட்ஸ் இயந்திரம் படுத்துவிடும். அச்சடித்த க்யூஆர் அட்டை இருந்தால் கைப்பேசியிலிருந்து வங்கிக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ் ஓடும். ஆனால் வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல் உங்கள் வங்கிச் செயலியில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே பையைக் கொடுங்கள். உங்கள் கைப்பேசியில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும். நூறு வெள்ளிக்குச் சில்லறை தனியாக இருக்கட்டும்.

காப்பீட்டுத் தாளை வாங்கி உள்ளே போடாமல் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். தீக்காப்பீடு என்பதில் வெள்ளம் சேராமல் இருக்கலாம். கரண்ட் இல்லாமல் கெட்டுப்போன சரக்கு பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியது. முகவரிடம் இந்த இரண்டையும் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேதம் ஆனால் துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள்.

மாவுக்கு வருகிறேன். 22 பாகையில் இட்லி மாவு வழக்கமான நேரத்துக்குப் பொங்காது. மழை எச்சரிக்கை வந்த அன்று மூன்று மணி நேரம் முன்னதாக அரைத்து, அடுப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள். மாவுப் பாக்கெட் விற்கிறவர்கள் அன்றைக்குப் பாதி அளவு மட்டும் போடுங்கள். 2025 பொங்கல் மழையில் எங்கள் பக்கம் நிற்காமல் விற்றது குடையும், எதிர்க்கடையின் வெங்காய பஜ்ஜியும்தான். குடை முதல் நாள் மாலையே தீர்ந்துவிட்டது. நாங்கள் இருபதுதான் வாங்கி வைத்திருந்தோம்.