கையைக் கடிக்காத டிங்கி: மலையில் இருந்துகொண்டு வாங்குவது எப்படி?

எங்கள் வீடு கொடைக்கானலில். பாய்மரப் படகு நிற்பது மண்டபத்துக்கு வடக்கே, கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, நங்கூரத்தில். இருபதடிப் படகு, பழசு. வாங்கும்போது பாய், கயிறு, நங்கூரம் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்தேன். கரையிலிருந்து படகுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை. முதல் நாள் சாப்பாட்டு டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து போனேன். கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, படகுக்கு ஒரு படகு வேணும்ல?" என்றார்.

அந்தப் படகுக்கான படகுதான் டிங்கி. என்னைப் போலவே புதிதாகப் படகு வாங்கி, கையிலிருந்ததை எல்லாம் அதிலேயே கொட்டிவிட்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தேடும் முன் மூன்று கேள்விகள்

எத்தனை பேர் போகப் போகிறீர்கள்? எவ்வளவு தூரம்? வேலை முடிந்ததும் டிங்கியை எங்கே வைப்பீர்கள்?

மலைக்காரர்களுக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். கரையிலேயே போட்டுவிட்டு வந்தால் வெயில் தின்றுவிடும். வெயில் விட்டுவைத்ததை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் தூக்கி வரவேண்டியிருக்கும். இரண்டு பேரும் ஒரு பையும் போக 2.3 மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் நீளம் போதும். "நான்கு பேர்" என்று மேலே அச்சடித்திருந்தால், அலையில்லாத நாளில், முழங்கால் மூக்கில் இடிக்க உட்காரும் நான்கு பேர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மோட்டார் வேண்டாம் என்பது என் கருத்து. இருநூறு மீட்டருக்குத் துடுப்பே அதிகம். 2.5 குதிரைத்திறன் மோட்டார் என்றாலும் 13 கிலோவுக்குக் குறையாது. அதோடு பெட்ரோல் கேன், பதிவு வேண்டுமா என்று துறைமுகத்தில் விசாரிக்கும் அலைச்சல். எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

2. எந்த வகை?

காற்றடிக்கும் ரப்பர் டிங்கி என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் ரப்பரே இல்லை, பிவிசி. மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும். இருபது, முப்பது கிலோவுக்குள் இருக்கும். குறை என்னவென்றால், வெயிலில் கிடந்தால் பிசுபிசுக்கும், ஒட்டு விடும். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணியில் செய்தது வெயிலை நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. பளபளவென்று இருந்தால் பிவிசி, மங்கலாகத் துணி போல இருந்தால் ஹைப்பலான் என்பது தோராயமான அடையாளம்.

ஃபைபர் டிங்கி துடுப்புக்கு நன்றாக ஓடும், படகின் பின்னால் கட்டி இழுக்கவும் சுகம். ஆனால் ஏறும்போது ஒரு பக்கமாகக் கால் வைத்தால் கவிழ்த்துவிடும். மடிக்க முடியாது என்பதால், கரையில் பூட்டி வைக்க நம்பகமான இடம் இருப்பவர்களுக்கு மட்டும்.

பரிசல் வாங்கலாமே என்று ஒருவராவது சொல்வார். ஆற்றுக்குச் சரி. கடல் காற்றில் அது இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்துக் கரைகளில் சிலர் தெர்மாகோலைக் கட்டித் தெப்பமாக்கிப் போவார்கள். அதில் நின்றுகொண்டே ஒற்றைக் கம்பால் தள்ளிப் போகிறவரைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. என் மனைவி ஒரே பார்வையில் அதை முடித்துவைத்தாள். அவள் சொன்னதுதான் சரி. அது பழகிய காலுக்கு உரியது.

3. எங்கே தேடுவது?

புதிதாக வாங்காதீர்கள். முதல் டிங்கி பாறையிலும் சிப்பியிலும் உரசத்தான் போகிறது, அதைப் பழசிலேயே உரசிப் பழகுங்கள்.

பாய்மரப் பயிற்சி நடக்கும் கிளப்புகளில் கேளுங்கள். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம், வெற்று உடல் 35 கிலோ. 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் குழந்தைகளுக்காகச் சப்பை மூக்கோடு வரைந்தது. போட்டிக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய பழைய உடல் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். துடுப்பு மாட்டும் கொக்கி மட்டும் போட்டுக்கொண்டால் ஒருவருக்கு அருமையான டிங்கி. உள்ளே கட்டியிருக்கும் காற்றுப் பைகளைக் கழற்றிவிடாதீர்கள். கவிழ்ந்தால் மிதக்க வைப்பது அவைதான்.

கடலோர ஊர்களில் ஃபைபர் படகு செய்யும் பட்டறைகளிலும், படகு விடும் விடுதிகளிலும் விசாரிக்கலாம். என்னுடையது அப்படி ஒரு விடுதி ஓரங்கட்டிய பிவிசி டிங்கி. 22,000 ரூபாய் கொடுத்தேன்.

4. கையால் தடவிப் பார்ப்பது

ஃபைபர் என்றால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்று வரும் சத்தம் ஓரிடத்தில் "பொத்" என்று மாறினால் அங்கே உள்ளே ஏடு பிரிந்திருக்கிறது. அணியத்தில், அதாவது முன்முனையில், கயிறு கட்டும் வளையத்தைச் சுற்றி மெல்லிய விரிசல் இருந்தால் யாரோ அதைப் பிடித்துப் பலமாக இழுத்திருக்கிறார்கள். அமரத்தில், அதாவது பின்முனையில், மோட்டார் மாட்டும் பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

காற்று டிங்கி என்றால், விற்பவரையே காற்றடிக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். அரை மணி கழித்து வந்து சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு, குழாய்கள் சேரும் மூலை, தரைத்துணி ஒட்டியிருக்கும் விளிம்பு, இந்த மூன்று இடத்திலும் நிதானமாகப் பாருங்கள். துணியில் ஓட்டை இருந்தால் பயம் இல்லை, ஒட்டிவிடலாம். ஒட்டு வரிசை நகத்தால் கிளப்பினால் தோல் உரிவது போல் எழுந்து வந்தால், ஒரு பக்கம் ஒட்ட ஒட்ட மறுபக்கம் விடும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதில் நான் ஏமாந்த கதை ஒன்று. வால்வு ஓரம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. டியூப் தானே என்று பஞ்சர் கடையில் சைக்கிள் சொல்யூஷனால் ஒட்டி வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் அந்த ஒட்டு அப்பளம் போலக் கையோடு வந்தது. அந்தச் சொல்யூஷன் ரப்பருக்கானது. பிவிசிக்கு இரண்டு புட்டியைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பசை வேண்டும், ஹைப்பலானுக்கு அதற்கென்று தனிப் பசை. இன்னொன்று, ஈரக் காற்றில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. மஞ்சு இறங்கும் மாதத்தில் கொடைக்கானலில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். நான் இப்போது வத்தலக்குண்டில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில்தான் ஒட்டுகிறேன்.

5. மலைக்காரர்கள் மட்டும் செய்கிற தப்பு

இதைப் படகு பற்றி எழுதுகிறவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், அவர்கள் வீடு ஏழாயிரம் அடி உயரத்தில் இல்லை.

டிங்கி வந்த வாரமே வாசலில் வைத்து ஊதினேன். அளவுமானி வைத்து 3.5 பி.எஸ்.ஐ., அதாவது 0.25 பார். பெரும்பாலான சின்ன டிங்கிகளுக்கு அதுதான் அளவு. முருங்கைக்காய் போல விறைப்பாக நின்றது. மறுபடி ஊதும் வேலை மிச்சம் என்று அப்படியே பிக்கப்பில் கட்டிக் கீழே இறங்கினோம். மதுரை தாண்டும்போது பார்த்தால் அது நேற்றைய பூரி. எங்கோ கிழிந்துவிட்டது என்று விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டையும் பிடித்துவிட்டேன்.

கிழியவில்லை. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை தலைகீழாக. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கீழே இறங்கும்போது வெளிக்காற்று 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடுதலாக அழுத்துகிறது. நான் அடித்திருந்ததே மொத்தம் மூன்றரை. சமவெளி வெயில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாலும் போதாது.

இதில் ஆபத்தானது மறுபாதி. கடற்கரையில் சரியாக ஊதிய டிங்கியைக் காற்றோடு மலைக்கு ஏற்றினால் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஒட்டு வரிசை பிளந்துவிடும். அதனால் மேலே வருவதற்கு முன் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள், கீழே போய்ச் சேர்ந்தபின் ஊதுங்கள்.

கசிவு சோதனையை வீட்டில் செய்யலாம், ஆனால் மாலையில் ஊதி விடியற்காலையில் அளந்து பயந்துவிடாதீர்கள். நம் ஊர் இரவுக் குளிரிலேயே அழுத்தம் குறையும். இன்று காலை பத்து மணிக்கு அளந்தால் நாளையும் காலை பத்து மணிக்கே அளங்கள்.

6. விலைக்கு மேல் விலை

என் 22,000 அதோடு நிற்கவில்லை. துடுப்பில் ஒன்று உடைந்திருந்தது, பம்ப் இல்லை. ஜோடித் துடுப்பு, கால் பம்ப், அளவுமானி, பசை, இரண்டு மிதவைச் சட்டை, மிதக்கும் கயிறு என்று இன்னொரு பதினோராயிரம் போனது. பேரம் பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். இதில் மிதவைச் சட்டையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கயிறு தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீனாக இருக்கவேண்டும். மூழ்கும் கயிறு என்றைக்காவது உங்கள் படகின் மோட்டார் விசிறியிலேயே போய்ச் சுற்றிக்கொள்ளும்.

ஏற்றிவரும் செலவை மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. காரட், பீன்ஸ் ஏற்றி மதுரை மாட்டுத்தாவணிக்குப் போகும் பிக்கப் திரும்பும்போது காலியாகத்தான் வரும். டிரைவரிடம் பேசினால் டீசலுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஏற்றி வருவார். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு நம் ஏரியை உருவாக்கியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாம். காட் ரோடே இல்லாத காலம். நமக்கு என்ன குறை?

அந்த ஏரி வாசலிலேயே இருக்கிறதே, அங்கே இறக்கிப் பார்ப்போம் என்று அனுமதி இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள்.

வீட்டில் வைக்கும் முன் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, கீழேயே காயவைத்து, பவுடர் தூவி மடியுங்கள். மேலே மழை மாதங்களில் துணியே காயாது, இது எங்கே காயும்? பரணில் வைப்பதானால் எலிக்கும் ஒரு வழி செய்யுங்கள்.

7. முதல் துடுப்பு

வடகடல் பக்கம், அதாவது மண்டபத்துக்கு வடக்கே, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோரம் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது, அதனால்தான் அலை இல்லை. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும், திரும்பும்போது தெரியும் சேதி. காற்று டிங்கி இலை மாதிரி, நீங்கள் இரண்டு முழம் முன்னேறினால் அது ஒரு முழம் பின்னால் தள்ளும்.

காலையில் காற்று எழும் முன் போங்கள். ஏறும்போது நடுவில் கால் வைத்து, குனிந்து, உடனே உட்காருங்கள். பக்கத்துத் தீவைப் பார்த்து இறங்கலாம் என்று தோன்றும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

இரண்டு கிலோ நங்கூரமும் முப்பது மீட்டர் கயிறும் டிங்கியிலேயே கிடக்கட்டும். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, போட்டால் பிடித்துக்கொள்ளும். கை சோர்ந்தால் போட்டுவிட்டு உட்காருங்கள், யாராவது வருவார்கள். எனக்கு ஒரு வள்ளம் வந்தது. ஐஸ் பெட்டிக்கும் நண்டு வலைக்கும் நடுவே என்னை உட்காரவைத்து, டிங்கியைப் பின்னால் கட்டி இழுத்துக் கரைசேர்த்தார்கள். வழியெல்லாம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, கொடைக்கானல்ல காரட் கிலோ என்ன வெல?"