வீடில்லாத மிலிட்டரிக்காரருக்கு வேலை: உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடற்றவர் என்றதும் பெருநகர நடைபாதையும் மேம்பாலத்து நிழலும் நினைவுக்கு வருவதால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அப்படிப்பட்ட முன்னாள் படைவீரர்களே கிடையாது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். டெல்டாவில் வீடிழந்தவர் தெருவில் படுப்பது குறைவு. அரிசி ஆலையின் காவல் அறையிலும், கல்யாண மண்டபத்தின் பின்கட்டிலும், வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைக் கொட்டகையிலும், பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பின் மோட்டார் ரூமிலும் அவர் இருப்பார். வேலை போய்விட்ட மாதங்களில் கும்பகோணத்துக் கோயிலில் மதிய அன்னதானமும் பேருந்து நிலையத்தில் இரவுப் படுக்கையுமாகக் காலம் தள்ளுவார். ஊரார் அவரை மிலிட்டரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீடில்லாதவர் என்ற சொல்லை அவரும் தமக்குச் சூட்டிக்கொள்ள மாட்டார். எனவே, வீடில்லாதவர்களைத் தேடிப் போகும் கணக்கெடுப்பு எதிலும் அவர் அகப்படுவதில்லை.

இவர்கள் எல்லாரும் கிழவர்கள் என்று நினைப்பதும் சரியன்று. பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த சிப்பாய் 15 ஆண்டு முடித்து ஓய்வூதியத்துடன் வெளியே வரும்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. 15 ஆண்டு நிறைவதற்குள் வெளியேறியவருக்கு வழக்கமான ஓய்வூதியமும் இல்லை. இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கக்கூடிய மனிதருக்கு என்ன வேலை தேடித் தருவது என்ற கேள்விக்கு, உதவ வருகிறவர்களிடமிருந்து பத்துக்கு எட்டுத் தடவை ஒரே விடைதான் வருகிறது: வாட்ச்மேன்.

அந்த விடைதான் நான் கண்ட தவறுகளில் பெரியது. நானும் அதைச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையத்தில் பழக்கமான நாயக் பதவியில் இருந்த ஒரு முன்னாள் படைவீரரை, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவலுக்குச் சேர்த்துவிட்டேன். தங்க ஓர் அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம் என்று பேசி முடித்ததில், ஒரே நாளில் வேலையும் வீடும் வாங்கிக் கொடுத்துவிட்டதாக எனக்குப் பெருமை. குறுவை நெல் வரத்து ஓய்ந்ததும் ஆலையை மூடினார்கள். அன்றிரவே அவர் மறுபடியும் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார். வேலையையும் படுக்கையையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்தால், ஒன்று அறும்போது மற்றதும் சேர்ந்தே விழும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான், படையிலிருந்து வெளிவரும்போது பணி விவரங்களை எழுதித் தரும் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். டிரேடு, அதாவது படையில் செய்த தொழில் என்ற இடத்தில் வெஹிக்கிள் மெக்கானிக் என்று எழுதியிருந்தது. பனிமலைச் சாலையில் டீசல் வண்டிகளை ஓடவைத்த மனிதரை, நான் நெல் மூட்டைகளுக்குக் காவலாக உட்காரவைத்திருந்தேன்.

காவல் வேலையே கூடாது என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986 முதல் இத்தகைய பணியிடங்களுக்கு ஆள் அனுப்பி வருகிறது. முறையான சம்பளமும் சேமநல நிதியும் உள்ள இடம் கிடைத்தால் அது நல்ல வேலைதான். ஆனால் தனியார் முகமைகள் படைவீரரைத் தேடுவதற்கு மரியாதை ஒன்றே காரணமாகிவிடாது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி விதிகளின்படி, புதிய காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் தர வேண்டும். முன்னாள் படைவீரருக்கு 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப் பயிற்சியும் போதும். முகமைக்கு இது லாபம். அந்த லாபத்தில் அவருக்கு என்ன பங்கு, பி.எஃப். கணக்கும் இ.எஸ்.ஐ. அட்டையும் உண்டா, சீருடைக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றுவார்களா என்று கேட்காமல் சேர்த்துவிடுவது தவறு. துப்பாக்கியோடு நிற்கும் வேலைக்குச் சம்பளம் கூடுதல் என்பதற்காக, குடிப்பழக்கமோ மனச்சோர்வோ உள்ளவரை அங்கே அனுப்புவது தவறு என்ற சொல்லுக்குள் அடங்காது.

அடுத்தது, வரிசையைத் தலைகீழாக்குவது. முதலில் குடியை நிறுத்தட்டும், பிறகு பயிற்சி, பிறகு வேலை, கடைசியாகச் சம்பாதித்து அவரே ஒரு வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரவில் தூங்க இடமில்லாத மனிதர் காலை ஒன்பதரை மணிக்குக் குளித்து, துவைத்த சட்டையோடு பயிற்சி வகுப்புக்கு எப்படி வருவார் என்று மட்டும் அதில் எவரும் கேட்பதில்லை. 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய முயற்சி ஒன்று இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, நிபந்தனை எதுவும் வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்தது. அமெரிக்க அரசு 2008-இலிருந்து படைவீரர்களுக்கான வாடகை உதவியையும், கூடவே ஒரு சமூகப் பணியாளரின் துணையையும் இணைத்துப் பெரிய அளவில் வழங்கத் தொடங்கியது; 2010-இல் இருந்த வீடற்ற படைவீரர்களின் எண்ணிக்கை 2024-க்குள் அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. அவர்களுடைய பணமும் அமைப்பும் நம்மிடம் இல்லை. ஆயினும் மூன்று மாத வாடகையும் முன்பணமும் திரட்டி, ஊரில் ஒரு ஒற்றை அறையைப் பிடித்துத் தருவது, ஒரு சங்கம் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்குப் பந்தல் போடும் செலவைவிட அதிகமாக இருக்காது.

அறை கிடைக்கும்வரை நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் இருக்கிறதே என்பார்கள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் அறிவுறுத்தியது. பின்னர் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் சிறு நகரங்களுக்கும் காப்பகங்கள் வந்தன. அவை நகரத்துக்கு உரியவை. பேராவூரணிக்கு அப்பால் ஒரு தோப்பில் கிடப்பவரைத் தஞ்சாவூர்க் காப்பகத்துக்குக் கொண்டுவந்தால், அவரை அறிந்த நாலு பேரும், கடன் சொல்லித் தேநீர் குடிக்கும் கடையும் அவருக்கு இல்லாமல் போகும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே வீணாகும் மாதங்கள் அதிகம். டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்துவிட்டது என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்து மனு நாளுக்கு ஓடுகிறார்கள். மனு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஆவணம் பிறந்த இடம் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவருக்கு அது நீலகிரியின் வெல்லிங்டனிலும், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் ஆட்களுக்குப் பெங்களூரிலும், தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவினருக்கு ஜபல்பூரிலும், வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவினருக்குச் செகந்திராபாத்திலும் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அங்கே எழுதினால் விடை வரும். தேவைப்படுவது படை எண். பேரன் பெயர் தடுமாறும் வயதிலும் அந்த எண்ணை அவர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் கையில் இருந்தால், நைந்துபோகிறதே என்று பரிவோடு லேமினேட் செய்துவிடாதீர்கள். பிற்பாடு ஒரு பதிவுக் குறிப்போ முத்திரையோ இட முடியாமல் போகும். கெட்டியான பிளாஸ்டிக் உறையும் இரண்டு செட் நகலும் போதும்.

ஓய்வூதியம் இல்லை என்று அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதும் கூடாது. பணம் மாதந்தோறும் வந்துகொண்டிருக்க, ஏ.டி.எம். அட்டை மகனிடமோ தம்பியிடமோ இருக்கும். வீட்டை விட்டு வெளியேறியதற்கே அதுதான் காரணமாக இருக்கும். அல்லது நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று ஓரிரண்டு ஆண்டாகக் கொடுக்கப்படாமல் ஸ்பர்ஷ் என்ற படைத்துறை ஓய்வூதிய இணையதளத்தில் பணம் நின்றிருக்கும். முன்னதில் உணர்ச்சிவசப்பட்டு உடனே குடும்பத்தைக் கூட்டிச் சமாதானப் பஞ்சாயத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் புது அட்டையும் புது கைப்பேசி எண்ணும் பதிவான பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது நல்லது. பின்னதைச் சரிசெய்தால் நிலுவையும் சேர்ந்து வரும், பயிற்சிக் காலத்துச் செலவுக் கவலை தீரும். உண்மையிலேயே ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைக் கடந்த ஹவில்தார் பதவி வரையிலானவர்களுக்கு வறுமை உதவித்தொகை உண்டு. 2025-இல் அது மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயதில் இருப்பவரை வேலைப் பயிற்சிக்கு இழுப்பதைவிட இந்த விண்ணப்பத்தைப் போடுவது மேல்.

இடஒதுக்கீட்டைக் காட்டி ஆசை வளர்ப்பதும் உண்டு. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணியிடங்களில் 10 விழுக்காடும் தமிழ்நாடு அரசின் ‘சி’ பிரிவில் 5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு என்பது மெய். தகுதியுள்ள இளையவருக்கு நல அலுவலகத்தில் வேலைவாய்ப்புப் பதிவைச் செய்து, காலந்தவறாமல் புதுப்பித்துக் கொடுங்கள். ஆனால் ஓய்வூதியத் தகுதிக்கு முன்பே சொந்த விருப்பத்தில் விலகியவர், இடஒதுக்கீட்டுக்கான ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள் வராமல் போகலாம். அதைப் பார்க்காமல் வாக்குக் கொடுத்தால் ஒரு வருடக் காத்திருப்பும் ஒரு அவமானமும்தான் மிச்சம்.

பயிற்சிக்கு வருவோம். எந்தத் திட்டத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அதில் ஆளைச் சேர்ப்பதுதான் இங்கே நடைமுறை. முன்னாள் ஓட்டுநரைக் கணினித் தட்டச்சுக்கும், சிக்னல்ஸ் ஆளைத் தையலுக்கும் அனுப்பிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அவருடைய டிரேடைப் பார்க்க வேண்டும்; பிறகு, வருகிற பருவத்தில் இந்த ஊரில் யார் யாருக்கு ஆள் தேவை என்று பார்க்க வேண்டும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவைக்கு டிராக்டரும் நடவு இயந்திரமும் ஓடும். அறுவடைக்கு வெளிமாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் வந்து குவியும். சம்பா அறுவடையான தை, மாசியில் வேலை உச்சத்தில் இருக்கும். வயல் நடுவே பெல்ட் அறுந்து நிற்கும் இயந்திரத்துக்கு மெக்கானிக் கிடைக்காமல் விவசாயி அலைவதை ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு, ஒரு இ.எம்.இ. ஆள் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படையில் சமையற்காரராக இருந்தவர் முந்நூறு பேருக்கு நேரம் தவறாமல் சமைத்தவர். கல்யாணச் சமையலுக்கு அவரிடம் இல்லாதது சாம்பார்ப் பக்குவம் மட்டுமே, அதை ஒரு முகூர்த்தப் பருவத்தில் கற்றுக்கொள்வார். நர்சிங் உதவியாளர், எலக்ட்ரீஷியன், ஸ்டோர் கீப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் இங்கே இடம் உண்டு. ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்கு முழுப் பயிற்சி தேவையில்லை; முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில் சோதித்துச் சான்று பெறலாம். ஓட்டுநர் என்றால் கனரக உரிமம் காலாவதி ஆகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் உதவுபவர், காவலர் வேலைகள் பருவகாலத்துக்கு வருவதுண்டு. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்ற சண்டைக்கு நடுவே நிதானமாக நிற்க, ஒழுங்குக்குப் பழகியவர் பொருத்தமானவரே. ஆனால் பருவம் முடிந்த பிறகு என்ன என்பதற்கு விடை வைத்துக்கொண்டுதான் அங்கே சேர்க்க வேண்டும். என் அரிசி ஆலைக் கதை நினைவிருக்கட்டும்.

கடன் வாங்கித் தொழில் தொடங்கச் சொல்லும் அவசரமும் இப்போது கூடியிருக்கிறது. 2024 சுதந்திர நாளில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடனும், அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு, நல்ல திட்டம். தலைக்குமேல் கூரையும் கணக்கு எழுதிப் பழக்கமும் இல்லாதவரை அதற்குள் தள்ளினால், வீடில்லாதவர் வீடில்லாத கடனாளி ஆவார். இரண்டு ஆண்டு நிலையாகச் சம்பளம் வாங்கியவருக்கு அதைப் பற்றிச் சொல்லலாம்.

சிறு செலவுகளை மறப்பதால் சரிந்துபோன முயற்சிகள் ஏராளம். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை, இவருக்கு உண்டு. பயிற்சி நாட்களில் போகவர டிக்கெட், மதியச் சாப்பாடு, ஒரு ஜோடி ஷூ, முகச்சவரம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். வேலையில் சேர்ந்த பிறகும், மாதத் தொடக்கத்தில் சேர்ந்தவருக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோதான் முதல் சம்பளம். அந்த நாற்பது நாளில்தான் பாதிப் பேர் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். அதற்கென்று ஒரு தொகையை வாரக் கணக்கில் பிரித்துக் கொடுங்கள்.

குடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கேன்டீன் ரம் என்று ஊரே சிரித்துப் பேசும் பழக்கம், தூக்கம் வராத இரவுகளுக்கு அவரே கண்டுபிடித்த மருந்தாக இருக்கக்கூடும். அதட்டினால் கேட்பார், மிலிட்டரிக்காரர் தானே, என்று சிலர் குரலை உயர்த்துகிறார்கள். அது நம்மை விட்டு விலகத்தான் வழி செய்யும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் கூட்டிச் செல்வதும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அவர் கைப்பேசியில் ஏற்றி வைப்பதும் வேலை தேடும் முயற்சியோடு பக்கத்திலேயே நடக்கட்டும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை அறவே தவிர்க்கலாம். பேருந்து நிலையத்தில் படுத்திருந்தது தெரியாத உறவினர்களுக்கு அந்தப் படம்தான் தெரிவிக்கும்.

கடைசியாக, வேலையில் சேர்த்த அன்றே கோப்பை மூடுவது. நான் இப்போது முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறையும் அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் போகிறேன். வேலை எப்படி ஐயா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் எவரும் சொல்வார். ராத்திரி எங்கே படுத்தீர்கள், வாடகை யாரிடம் கொடுத்தீர்கள், ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அரிசி ஆலையிலிருந்து திரும்பி வந்த அந்த நாயக், இப்போது அறுவடை இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இருக்கிறார். அறை பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. பட்டறைக்குள்ளேயே தங்கிக்கொள்ளலாம், வாடகை மிச்சம் என்று முதலாளி அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்று நாங்கள் இருவருமே சொல்லிவிட்டோம்.