கல்லடிக் கடலில் சூரியன் மறையாது

நான் எழுதிய முதல் கதையில் ஒருவன் கல்லடிக் கடற்கரையில் உட்கார்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடியே காதலியை நினைத்து அழுவான். நான் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பில், கடல் கிழக்கே கிடக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் எங்கேயோ பார்த்த படக்காட்சி கைக்குள் புகுந்துவிட்டது. எங்கள் ஊரில் பொழுது படுவது வாவிக்கு அப்பால். அதனால்தான் அந்தக் கரை படுவான்கரை, இந்தக் கரை எழுவான்கரை. பெயரிலேயே திசை இருந்தும் கோட்டை விட்டேன்.

கதைக்குள் ஓர் உலகத்தைக் கட்டுவது என்றதும் பலருக்கு மந்திரவாதியும் ஏழு ராஜ்யமும்தான் ஞாபகம் வருகிறது. கல்முனை பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் நடக்கிற கதைக்கும் உலகம் வேண்டும். அதைக் கட்டுவது சின்னச் சின்ன விஷயங்கள்தான், நாம் சறுக்குவதும் அங்கேதான்.

அதிகம் கண்ணில் படுகிற தவறு, ஊரைச் சுற்றுலாக்காரருக்குக் காட்டுவதுபோல எழுதுவது. முதல் வரியிலேயே ‘மீன் பாடும் தேன்நாடாம் மட்டக்களப்பில்’ என்று ஆரம்பிக்கிறார்கள். கல்லடிப் பாலத்தைத் தினமும் இரண்டு தடவை கடக்கிறவனுக்கு, வாவிக்குள் பாடுமாம் என்கிற அந்த மீன் ஞாபகத்துக்கு வருமா? அவன் தலைக்குள் பிள்ளையின் டியூஷன் காசு இருக்கும், மழை இருட்டு இருக்கும். பாடும் மீன் வேண்டும் என்றால் வரட்டும், ஆனால் தோணியில் போகிற கிழவர் பேரனின் நச்சரிப்புத் தாங்காமல் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையில் காதை வைத்துவிட்டு, ‘ஒண்டும் கேக்கல்ல, பேசாம இரு’ என்று சொல்லட்டும். அந்த எரிச்சலில் மீனும் வாவியும் பேரனும் தானாக வந்துவிடும்.

இதன் தம்பி, விளக்கம் சொல்லும் வியாதி. எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர். ‘பாதை அக்கரையில் நிற்கிறது’ என்று எழுதினால் வெளியூர்க்காரர் ஒரு கணம் முழிப்பார். முழிக்கட்டும். அடுத்த வரியில் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஓர் ஆட்டுக்குட்டியும் அதில் ஏறினால் போதும், அவருக்கே விளங்கிவிடும், தானாகக் கண்டுபிடித்த சந்தோஷமும் கிடைக்கும். ‘பாதை என்பது இங்கே படகுப் போக்குவரத்தைக் குறிக்கும்’ என்று நீங்கள் நடுவில் எழுந்து நின்று சொன்னால் கதை அங்கேயே நின்றுவிடும்.

காலத்தில் சறுக்குவது இன்னும் மோசம், ஏனென்றால் எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. வாவிக்குக் குறுக்கே போகிற மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். 1995இல் நடக்கிற கதையில் ஒருவன் அந்தப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் பறந்தால், கொக்கட்டிச்சோலை வாசகர் அதோடு உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். 1955இல் கல்முனையிலிருந்து எழுதும் கடிதத்தில் ‘அம்பாறை மாவட்டம்’ என்று விலாசம் போட்டாலும் அதே கதிதான், அந்த மாவட்டம் பிரிந்தது 1961இல். கல்லடியில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஒன்று, 2013இல் திறந்த புதுப் பாலம் ஒன்று. உங்கள் ஆள் எதில் போகிறான்?

திருத்துவது லேசு என்று நினைக்காதீர்கள். பாலத்தை எடுத்துவிட்டால் அவன் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யாரோடாவது பேசுவான், யாரையாவது சந்திக்கப் பயப்படுவான், கடைசிப் பாதையைத் தவறவிட்டால் இரவு யார் வீட்டில் தங்குவான் என்ற கேள்வி வரும். எனக்கு ஒரு முறை கதையே அங்கேதான் கிடைத்தது. கற்பனை ராஜ்யம் எழுதுகிறவர்களுக்கும் இதுதான்: ஆற்றுக்குப் பாலம் இல்லை என்று முதல் அத்தியாயத்தில் சொன்னால், ஏழாம் அத்தியாயத்தில் மருந்து பிந்தித்தான் வர வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற ஒன்று. எங்கள் பகுதிக் கதைகளில், எங்களவர்களே எழுதிய கதைகளில், கோபம் வந்த கணவன் மனைவியைப் பார்த்து ‘என் வீட்டை விட்டு வெளியே போ’ என்று கத்துகிறான். யாருடைய வீடு? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடித்த ஆண்தான் அங்கே குடி வருகிறான். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய் வழியில்தான் வரும். அப்படியான வீட்டில் சண்டை வந்தால் யார் வெளியே போவார்? அவன்தான். கொடியில் காயும் ஒரு சேட்டை உருவி எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடி, மாமியார் குந்தில் இருந்து வெற்றிலை இடிப்பதைப் பார்க்காததுபோல நடந்து, தாய் வீட்டில் போய் ‘சும்மாதான் வந்தனான்’ என்பான். தாய் ஒன்றும் கேட்காமல் சோறு போடுவாள். தாய்வழிச் சமூகம் என்று ஒரு வார்த்தை எழுத வேண்டாம், ஈரம் காயாத அந்தச் சேட் போதும். (உறவுமுறை பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வேறு இருக்கிறது, அதைக் கதைக்குள் ஒட்டாதீர்கள்.)

வட்டார மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ‘மறுகா’, ‘மனே’ இரண்டையும் எல்லாருடைய வாயிலும் எல்லா வரியிலும் திணித்தால் மட்டக்களப்பு வராது, மேடை நாடகத்துக் கோமாளிதான் வருவான். வங்கி முகாமையாளருக்கு முன்னால் நிற்கும்போது ஒருவர் வேறு மாதிரிப் பேசுவார், வெளியே வந்து பெண்சாதிக்கு போன் எடுத்ததும் பேச்சு ஊருக்குத் திரும்பிவிடும். அந்தத் திரும்பலைப் பிடியுங்கள்.

குவிப்பதும் வேண்டாம். ஒரே பந்தியில் சட்டித் தயிர், வடமோடிக் கூத்து, போடியார், வட்டை வாடி, கச்சான் காற்று எல்லாம் வந்தால் அது கண்காட்சி. கச்சான் காற்று மட்டும் போதும், அதுவும் சரியான மாதத்தில். வைகாசி கழிந்து வீசும் அந்த அனல் காற்றில் யன்னல் அடித்துக்கொண்டே இருக்கும், வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல் கூடும். அடைமழை வேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழி வரை காத்திருங்கள்.

இவ்வளவும் சொல்கிற நானும் இன்னும் தப்பு விடுகிறேன். போன வருஷம் ஒரு கதையை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி வைகாசியில் தனியாக மீன் ஆக்குகிறாள் என்று ஓரிடம். மாமி நிறுத்தினார். ‘அம்மன்ட கதவு திறந்திருக்கிற நேரத்தில மீனா? குளிர்த்தி முடியு மட்டும் ஊரில ஆரும் தொடமாட்டாங்களே.’ குளிர்த்தியோடு முடியும் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களை நான் யோசிக்கவே இல்லை. மாதத்தை மாற்றலாம் என்று பேனையை எடுத்தேன். பிறகு மாற்றவில்லை, மீனையும் எடுக்கவில்லை. அவள் எழுந்து போய் அடுக்களைக் கதவைச் சாத்துகிறாள் என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன்.