புதிதாக வாலிபால் அணி தொடங்குகிறீர்களா? ரிசீவில் ஆரம்பியுங்கள்

புதிய அணியைப் பழக்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே எல்லோரையும் வலைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி ஸ்மாஷ் அடிக்க விட்டுவிடுகிறார்கள். ஆசை புரிகிறது. வந்திருப்பவர்கள் கேட்பதும் அதைத்தான். அடுத்த வாரம் அதே ஆட்களை ஆறு ஆறு பேராகப் பிரித்து ஆடவிட்டுப் பாருங்கள். ஒருவர் சர்வீஸ் போடுவார், எதிரே ஒருவர் கையில் பட்டு பந்து வெளியே பறக்கும். அடுத்த சர்வீஸ், மறுபடியும் வெளியே. மைதானத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஆடிய காலத்தில் நான் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே இருக்கும் ஆள். இப்போது பல வருடங்களாகத் தொடக்க நிலை ஆட்களைப் பழக்குகிறேன். நான் பார்த்தவரை, ஓர் அணி நிலைப்பதற்கும் கலைந்து போவதற்கும் நடுவில் இருப்பது ரிசீவ்தான், அதாவது எதிரணியின் சர்வீஸை எடுத்து, ஸ்மாஷுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு அனுப்பத் தெரிவதுதான். முதல் பந்து மேலே எழும்பினால் ராலி (பந்து விழாமல் இரு பக்கமும் மாறி மாறிப் போவது) உண்டு, செட்டருக்கு வேலை உண்டு, ஸ்மாஷ் அடிப்பவருக்கும் வாய்ப்பு உண்டு. எழும்பாவிட்டால் அங்கே விளையாட்டே இல்லை. அதனால் முதல் இரண்டு மாதப் பயிற்சியில் பாதி நேரத்தைச் சர்வீஸுக்கும் ரிசீவுக்கும் ஒதுக்குங்கள். எப்படி என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

கை

ஒரு கையை இன்னொரு கையின் மேல் வைத்து, கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டி இணையாக, முழங்கை மடங்காமல் நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி மடக்கினால் முன்கைகள் இரண்டும் சேர்ந்து ஒரு தட்டையான பரப்பு கிடைக்கும். பந்து படவேண்டியது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் அந்தத் தட்டையான பகுதியில். கட்டைவிரலின் அடியில் பட்டால் எந்தத் திசைக்கும் தெறிக்கும்.

பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் கையை நீட்டச் சொல்லி அந்தச் சிவப்பைப் பார்ப்பேன். இரண்டு முன்கையிலும் ஒரே உயரத்தில் சிவந்திருந்தால் பந்து சரியாகப் பட்டிருக்கிறது. ஒரு கையில் மட்டும் சிவப்பு என்றால் தோள் ஒரு பக்கம் சாய்கிறது. மணிக்கட்டின் எலும்பு மேட்டில் சிவப்பு என்றால் பந்துக்குக் கீழே போய்ச் சேரத் தாமதமாகிறது. ஒரு மணி நேரத்தில் கண்ணில் படாமல் போன பிழையைக் கூட இந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் வீச்சு. புதியவர்கள் எல்லோருமே கையை வீசுவார்கள். பந்து எங்கே போகும் என்பதை முடிவு செய்வது கையின் கோணம்தான். வேகமாக வரும் சர்வீஸில் வேகம் ஏற்கெனவே இருக்கிறது, கோணம் காட்டினால் போதும். மெதுவாக வரும் பந்துக்கு மட்டும் முழங்காலை நிமிர்த்தி, உடம்பிலிருந்து கொஞ்சம் உந்துதல் கொடுக்கலாம்.

பந்தை எடுத்த பிறகு ஒரு நொடி அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். கை எங்கே பார்க்கிறது என்று அவர்களே குனிந்து பார்க்கட்டும். நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அந்த ஒரு பார்வை அதிகம் கற்றுக்கொடுக்கும்.

ஒரு பெண் இருந்தாள், நல்ல உயரம், பயிற்சிக்குத் தவறாமல் வருவாள். அவள் எடுக்கும் ஒவ்வொரு பந்தும் அவள் தலைக்குப் பின்னால்தான் போகும். முன்னால் நின்று பார்த்தால் கை சரியாகவே இருந்தது. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தபோது விஷயம் புரிந்தது. பந்து கிளம்பியதுமே கைகளைக் கோத்துக்கொண்டு ஓடுகிறாள். கோத்த கையோடு யாரும் வேகமாக ஓட முடியாது. அதனால் பந்து உடம்புக்கு மிக அருகில் வந்த பிறகுதான் சேர்கிறாள், கை தானாக மார்புக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. “ஓடி நின்னதுக்கு அப்புறம் கையைச் சேர்” என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே பந்து முன்னால் போக ஆரம்பித்தது. கைக்கோளாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி கால்கோளாறுதான்.

காலும் கண்ணும்

சர்வீஸ் போடுபவரின் கை பந்தில் படுகிற நொடியில் ரிசீவ் செய்பவர் இரண்டு காலிலும் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி இறங்க வேண்டும். பாதம் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்து, எடை முன்பாதத்தில். குதிகால் தரையில் அழுந்தியிருப்பவரால் முதல் அடியை நேரத்தில் எடுத்து வைக்க முடியாது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ் ஒரு நொடியில் 15 மீட்டர் தாண்டுகிறது. மைதானத்தின் நீளமே 18 மீட்டர். அதனால் பந்து வலையைத் தாண்டிய பிறகு பார்க்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். எதிராளி பந்தைத் தூக்கிப் போடும் விதம், தோள் திரும்பியிருக்கும் பக்கம், கை பந்தில் படும் இடம், இந்த மூன்றையும் பார்க்கப் பழக்குங்கள்.

ஃப்ளோட் சர்வீஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களை அழவைப்பது அதுதான். சுழலாமல் வரும் பந்தைச் சுற்றிக் காற்று ஒரே சீராகப் பிரிவதில்லை. அதனால் பந்து கடைசி நேரத்தில் ஆடும், இறங்கும், ஒதுங்கும். சுழன்று வரும் பந்து வேகமாக இருந்தாலும் எங்கே இறங்கும் என்று ஓரளவு கணிக்கலாம். ஃப்ளோட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கொஞ்சம் முன்னால் நின்று, பந்து ஆடத் தொடங்கும் முன்பே தலைக்கு மேல் விரல்களால் எடுப்பது. அணியின் முதல் தொடுதலில், ஒரே அசைவுக்குள் பந்து கையில் அடுத்தடுத்துப் பட்டாலும் விதி அனுமதிக்கிறது. பிடித்து எறியக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல் ‘டபுள்’, அதாவது இரண்டு முறை தொட்ட தவறு, ஆகிவிடும் என்று பயந்து பலர் விரலால் எடுப்பதே இல்லை. இன்னொன்று, கடைசி வரை கால்களை நகர்த்திக்கொண்டே இருந்து முன்கையில் எடுப்பது. இரண்டையும் பழக்குங்கள், ஆளுக்கு எது வருகிறதோ அது நிலைக்கட்டும்.

சர்வீஸ் வலையில் உரசி விழுந்தாலும் ஆட்டம் தொடரும், 2000 முதல் விதி அப்படித்தான். அந்தப் பந்து சட்டென்று முன்னால் விழும், முன்வரிசை தூங்கக் கூடாது.

யார் எடுப்பது

ஐந்து பேர் விரிந்து நின்று எடுக்கும் அமைப்பில்தான் பெரும்பாலான அணிகள் தொடங்குகின்றன. தொடங்கலாம், தவறில்லை. ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். ஆள் கூடக் கூட இடைவெளிகள் கூடுகின்றன, “நீ எடுப்பாய் என்று நினைத்தேன்” என்ற பேச்சும் கூடுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் நன்றாக எடுக்கும் மூன்று பேரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்.

1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணியைப் பாருங்கள். பயிற்சியாளர் டக் பீல் ரிசீவ் வேலையைப் பெரும்பாலும் கார்ச் கிராலி, ஆல்டிஸ் பெர்சின்ஸ் என்ற இரண்டே பேரிடம் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் தாக்குதலுக்குத் தயாராக நின்றார்கள். உலகம் முழுக்க அணிகள் இன்று இரண்டு, மூன்று பேரை வைத்து ரிசீவ் செய்வதற்கு அந்த அணி பெரிய காரணம். 1998-இல் லிபரோ விதியில் சேர்ந்த பிறகு இது இன்னும் கூர்மையானது.

இரண்டு பேருக்கு நடுவில் வரும் பந்து யாருடையது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். என் பழக்கம், அந்தப் பந்தைத் தன் உடம்புக்கு முன்னால் சந்திக்கக்கூடியவர் எடுப்பார், மற்றவர் அவருக்குப் பின்னால் போய் நிற்பார். “எனக்கு!” என்ற குரல் பந்து வலையைத் தாண்டுவதற்கு முன் வர வேண்டும். பந்தைத் தொடும்போது கத்துவதால் ஒரு பயனும் இல்லை. சர்வீஸ் அடிக்கப்படும் நொடியில் உங்கள் சுழற்சி வரிசை (ஆட்டக்காரர்கள் இடம் மாறி மாறி நிற்க வேண்டிய ஒழுங்கு) கலையாமல் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவரோடும் முன்பின் நிற்பவரோடும் ஒப்பிட்டுத்தான் நடுவர் பார்ப்பார்.

செட்டருக்கான இலக்கு, வலையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, 2-ஆம் இடத்துக்கும் (முன்வரிசை வலது) 3-ஆம் இடத்துக்கும் (முன்வரிசை நடு) இடையில். தொடக்க அணிக்கு உயரமான பாஸே நல்லது. துல்லியம் இல்லாவிட்டாலும் செட்டர் ஓடிப்போக நேரம் கிடைக்கும்.

பயிற்சியை நடத்தும் விதம்

பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிப்போட்டு ரிசீவ் பழக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் நாள் கை வைக்கும் விதம் காட்ட அது போதும். அதன் பிறகு பந்து வலைக்கு மறுபுறத்திலிருந்து, ஒரு மனிதர் கையிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் கண் பழகும். சர்வீஸ் போடுபவர்களும் புதியவர்கள்தானே, அவர்களை வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டில் நின்று கீழ்க்கை சர்வீஸ் போடச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு உள்ளே விழுந்தால் இரண்டு காலடி பின்னால். இப்படியே கடைசிக் கோடு வரை போகட்டும். அப்புறம் மேல்கை சர்வீஸ்.

மைதானத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, நாலரை மீட்டர் அகலத்தில் மூன்றுக்கு மூன்று ஆட வையுங்கள். ஒரே வலையில் இரண்டு ஆட்டம் நடக்கும், பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்கும், யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. என் பயிற்சியில் மிக அதிக நேரம் போவது இதில்தான்.

ரிசீவுக்கு மதிப்பெண் எழுதுங்கள். செட்டர் நகராமல் எந்தப் பக்கமும் கொடுக்க முடிந்தால் 3. இரண்டு காலடி நகர்ந்து கொடுத்தால் 2. யாராவது கஷ்டப்பட்டுத் தூக்கி எதிர்ப்பக்கம் அனுப்ப மட்டும் முடிந்தால் 1. நேராகப் புள்ளி போனால் 0. வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் நோட்டைக் கொடுங்கள், அவர் கவனமும் ஆட்டத்தில் இருக்கும். சராசரி 1.5 வந்தாலே புதிய அணிக்குத் தாராளம். முக்கியம் என்னவென்றால், ஸ்மாஷுக்குத்தான் கைதட்டல் என்ற இடத்தில் ரிசீவுக்கும் ஒரு கணக்கு, ஒரு மரியாதை வந்துவிடும். குட்டையாக இருக்கிறேன், எனக்கு இந்த விளையாட்டு சரிவராது என்று ஒதுங்கி நிற்பவர்களில் எத்தனையோ பேர் இந்த நோட்டில் முதலிடத்தில் வந்திருக்கிறார்கள்.

1964-இல் டோக்கியோவில் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஆடப்பட்டபோது பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது ஜப்பான். பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு பழக்கிய உருண்டு எடுக்கும் முறைக்குப் பெயர்போன அணி அது. அவருடைய பயிற்சியின் கடுமையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் தரையில் விழும் பந்தை விழவிடாமல் எடுப்பதை வைத்தே ஒரு பெரிய அணியைக் கட்டலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

சிறுவர்கள்

சிறுவர்களுக்கு வலையைத் தாழ்த்துங்கள். வழக்கமான பந்தின் எடை 260 முதல் 280 கிராம். 200 கிராம் அளவில் மென்மையான பந்துகள் இருக்கின்றன, அவற்றை வாங்குங்கள். கை வலித்தால் குழந்தை திரும்ப வராது, அவ்வளவு நேரான விஷயம். நெதர்லாந்தில் ‘கூல் மூவ்ஸ் வாலி’ என்ற முறையில் சிறுவர்கள் பந்தைப் பிடித்து எறிவதில் தொடங்கி, படிப்படியாகத்தான் உண்மையான வாலிபாலுக்கு வருகிறார்கள். அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று: இரண்டாவது தொடுதலைப் பிடித்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்று விட்டுவிடுங்கள். முதல் பந்து கோணலாக வந்தாலும் ஆட்டம் நிற்காது.

போட்டி நடத்தும்போது

அக்கம்பக்கத்து அணிகளைக் கூப்பிட்டுச் சின்னப் போட்டி நடத்தாமல் இந்த விளையாட்டு வளராது. தோற்றால் வெளியே என்ற முறையைப் புதிய அணிகளுக்கு வைக்காதீர்கள். அவ்வளவு தூரம் வந்து ஓர் ஆட்டத்தோடு திரும்பிப் போகும் அணி அடுத்த முறை வராது. நான்கு நான்கு அணிகளாகப் பிரித்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடட்டும். மூன்றில் இரண்டு செட் என்பதைவிட 21 புள்ளியில் கட்டாயம் இரண்டு செட் என்று வைத்தால் நேரமும் கட்டுப்பாட்டில் இருக்கும், எல்லோருக்கும் ஒரே அளவு ஆட்டமும் கிடைக்கும்.

ஒருவர் தொடர்ந்து மூன்று சர்வீஸில் புள்ளி எடுத்தால் நான்காவதை அதே அணியின் அடுத்த ஆள் போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். முன்பெல்லாம் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. இன்று ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்பதால், நல்ல சர்வீஸ் போடும் ஒரே ஆள் கோட்டில் நின்றுகொண்டு புதிய அணியின் செட்டையே முடித்துவிட முடியும். அது அவருக்கும் அலுப்பு, எதிரணிக்கு வேதனை.

ஆடாத அணி அடுத்த ஆட்டத்துக்கு நடுவர் வேலையும் கோட்டு வேலையும் செய்யட்டும், ஸ்கோர் ஷீட்டும் எழுதட்டும். சுழற்சி எப்படிப் போகிறது என்று ஆடிப் புரியாதவர்களுக்கும் ஸ்கோர் ஷீட் எழுதினால் புரிந்துவிடும். போட்டிக்கு முந்தைய வாரமே பயிற்சியில் ஆளுக்கு ஒரு செட் எழுத வையுங்கள், விசிலையும் கையில் கொடுங்கள். சிறந்த ஸ்மாஷருக்குக் கோப்பை வாங்கும்போது சிறந்த ரிசீவருக்கும் அதே அளவில் ஒன்று வாங்குங்கள். பரிசு கொடுக்கும்போது அதை முதலில் கொடுங்கள்.