ரியல் எஸ்டேட் இன்டர்ன்ஷிப்: நோட்டில் எதை எழுதுவது?

கோயம்புத்தூரில் சைட், வீடு, தோட்டம் கிரயம் முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் பத்திரம் பார்ப்பது என் வேலை. மே மாதம் வந்தால் பி.பி.ஏ., எம்.பி.ஏ. பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று வந்து உட்காருவார்கள். போகும்போது ஒரு ரிப்போர்ட் அடித்து, கையெழுத்துக்காக என் மேஜையில் வைப்பார்கள். முக்கால்வாசி ரிப்போர்ட் நிறுவன வரலாறு, பலம் பலவீனம் என்று நாலு கட்டம், துறை வளர்ச்சி என்று எங்கிருந்தோ எடுத்த படம். கடைசியில் ‘நான் கற்றுக்கொண்டவை’ என்று அரைப் பக்கம்: ஆவணச் சரிபார்ப்பு கற்றேன், வாடிக்கையாளருடன் பழகக் கற்றேன், குழுவாக வேலை செய்யக் கற்றேன். எங்கள் ஆபீஸ் படியை மிதிக்காமலேயே இதை எழுதிவிடலாம்.

இப்போது சில கல்லூரிகளில் ‘ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்’ என்று தனியாகக் கேட்கிறார்கள். கிப்ஸ் என்பவர் 1988-ல் சொன்ன ஆறு படிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என்ன நடந்தது, அப்போது என்ன தோன்றியது, எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். கேள்விகளில் குறையில்லை. ஆனால் அன்றன்றைக்குக் குறித்து வைத்த சரக்கு கையில் இல்லாமல், கடைசி வாரம் உட்கார்ந்து ஆறு தலைப்பையும் நிரப்பினால் ஆறிலும் ஒரே கதைதான் வரும். அதனால் நோட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டு போதும். செல்போனில் எழுதுவதைவிடக் காகிதம் நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது போனை நோண்டினால் விளையாடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். நோட்டை விரித்தால் இரண்டு பக்கம் வருமல்லவா? இடது பக்கத்தை வேலைக்கு முன்னால் எழுதுங்கள், வலது பக்கத்தை வேலை முடிந்த பிறகு. இடது பக்கத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எதைச் சரி என்று நம்புகிறீர்கள் என்று இரண்டு மூன்று வரி. வலது பக்கத்தில் உண்மையில் பார்த்தது, கேட்டது, அளந்தது. முன்னால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடை தெரிந்த பிறகு ‘எனக்கு முன்னமே தெரியும்’ என்று மனசு சமாளித்துவிடும். அப்புறம் எதைக் கற்றுக்கொண்டோம் என்று தேடினாலும் கிடைக்காது.

ஒரு பையனின் நோட்டிலிருந்து, அவன் அனுமதியோடு, ஒரு நாளை மட்டும் காட்டுகிறேன். இடது பக்கம் இப்படி இருந்தது:

“பட்டாவில் 0 – 2.50 என்று இருக்கிறது. இரண்டரை சென்ட். ஓனர் ஆறு சென்ட் என்று சொல்கிறார். கூட்டிச் சொல்கிறார் போல.”

வலது பக்கம்:

“பட்டாவில் இருப்பது ஹெக்டேர் – ஏர். 2.50 ஏர் என்றால் 250 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,691 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் 6.18 சென்ட். பத்திரத்தில் 6 சென்ட். ஓனர் சொன்னது சரி. மீதி 0.18 எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டாங்க. தெரியலை.”

அக்கா என்று அவன் எழுதியிருப்பது என்னைத்தான். இந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்கு சரியாகப் போட்டிருக்கிறான் என்பதற்காக இல்லை. ‘தெரியலை’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறானே, அதற்காக. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் சுமார் 77 சதுர அடி வித்தியாசம். பட்டாவில் கூடுதலாக இருக்கிறது என்பதாலேயே அது விற்பவருக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்து, சர்வேயரை வைத்து எல்லை காட்டும் அத்துக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மறுநாள் அதைத்தான் செய்தோம்.

சரி, இதை எப்படி ரிப்போர்ட்டில் எழுதுவது? அவன் முதலில் எழுதியது: “நில அளவுகளை மாற்றும் முறையைக் கற்றேன்.” அதைத் திருப்பிக் கொடுத்து, ‘ஓனர் மேல ஏன் தம்பி சந்தேகம் வந்தது?’ என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது முறை எழுதி வந்தது கிட்டத்தட்ட இப்படி: “எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பழக்கமான அலகில் படித்துவிட்டேன். இரண்டும் பொருந்தாதபோது ஆளைச் சந்தேகப்பட்டேனே தவிர, நான் படித்த விதத்தைச் சந்தேகப்படவில்லை. புரோக்கர், ஓனர் என்றாலே கூட்டித்தான் சொல்வார்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தது ஒரு காரணம். இனி எந்தக் காகிதத்திலும் எண்ணைப் படிக்குமுன் அந்தப் பத்தியின் தலைப்பைப் படிப்பேன். அலகு எழுதாமல் நோட்டில் எண்ணை எழுத மாட்டேன்.” நடந்தது, நினைத்தது, அப்படி நினைத்ததற்குக் காரணம், இனி செய்யப்போவது எல்லாம் ஒரே பத்தியில் வந்துவிட்டது. கடைசி வரியைக் கவனியுங்கள். ‘இனி கவனமாக இருப்பேன்’ என்று எழுதியிருந்தால் அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ‘அலகு எழுதாமல் எண்ணை எழுத மாட்டேன்’ என்பதை நோட்டைத் திறந்தாலே சோதித்துவிடலாம்.

காகிதம் பார்க்கும் நாட்களில் இன்னொரு கேள்வியையும் நோட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் காகிதம் எதைச் சொல்லவில்லை? வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று வந்தால் பிள்ளைகள் ‘கிளியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் கொடுத்த சர்வே எண்ணில், கொடுத்த தேதிக்குள் பதிவான ஆவணம் எதுவும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உட்பிரிவு எண்ணை மாற்றிப் போட்டிருந்தாலும் அப்படித்தான் வரும். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை அதில் ஏறாது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. ‘வில்லங்கம் இல்லை’ என்று படித்தவுடன் உங்களுக்கு வந்த நிம்மதியை ஒரு வரி எழுதிவிட்டு, அதன் கீழே அந்தக் காகிதத்துக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள். தாய்ப்பத்திரம் என்கிற பழைய மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாக ஏன் படிக்கச் சொல்கிறோம் என்பது அப்போது தானாகப் புரியும்.

சைட் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பழைய லேஅவுட்டில் வரைபடத்தில் 23 அடி ரோடு. ஒரு மாணவி டேப் பிடித்தபோது 19 அடி சொச்சம்தான் இருந்தது. மீதியை ஒருவர் வீட்டுப் படியும், எதிர் வீட்டுக்காரர் செடி வைக்கக் கட்டிய திட்டும் தின்றுவிட்டன. அவள் நோட்டில் ‘ரோடு அளவு குறைவு’ என்று மட்டும் எழுதியிருந்தாள். குறைந்த இடம் யாரிடம் போய்விட்டது, அந்த ரோடு இப்போது யாருடையது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் ரோட்டையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள் என்று அதற்கப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. பூங்கா மாதிரி பொதுவுக்கு ஒதுக்கிய இடத்தை ரிசர்வ் சைட் என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அதையும் வரைபடத்தில் பார்த்துவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். பூங்கா என்று போட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அப்படியே எழுதினால் போதும், கருத்து தனியாகத் தேவையில்லை. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம்’ என்று நோட்டீஸ் சொன்னால் காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். காரில் கூட்டிப்போய்க் காட்டுகிற நேரம் எப்போதும் காலை பதினொரு மணிதான்.

வாடிக்கையாளரிடம் பேசியதை உங்கள் வார்த்தையில் சுருக்காதீர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ‘விலை அதிகம் என்பதால் ஆர்வம் இல்லை’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். என்ன பேசினாய் என்று கேட்டால் இதுதான் நடந்திருக்கிறது. அவர்: “சிறுவாணித் தண்ணி வருதுங்களா?” இவன்: “போர் இருக்குங்க சார், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வரும்.” அவர்: “சரிங்க, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனுங்க.” விலைப் பேச்சே வரவில்லை. கோயம்புத்தூர்க்காரர் குடிக்கிற தண்ணியைக் கேட்டால் இவன் குளிக்கிற தண்ணியைச் சொல்லியிருக்கிறான். உரையாடலை வரிக்கு வரி எழுதிப் பார்த்தபோது அவனே கண்டுபிடித்தான், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருக்குத்து, சனி மூலை என்று வாஸ்து கேட்பவர்களையும் இப்படியே எழுதுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன முகம் காட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதுதான் உபயோகப்படும்.

இனி, எழுதச் சங்கடமானவை. ‘அடுத்த வாரம் ரேட் ஏறுதுங்க’ என்று உங்கள் முன்னாலேயே யாராவது சொல்வார்கள். ஏறாது என்று உங்களுக்கும் தெரியும். பிரசுரத்தில் 1,200 சதுர அடி என்று போட்டிருக்கும். உள்ளே அளந்தால் 900 கூட வராது. பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் நிறுவனத்தைத் திட்டி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். இரண்டும் வேண்டாம். சொன்ன வாக்கியம், அப்போது நீங்கள் செய்தது, சட்டம் சொல்வது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று விளக்கமாக இருக்கிறது: உள் தடுப்புச் சுவர் சேரும், வெளிச் சுவர், பால்கனி, மொட்டை மாடி சேராது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய திட்டமென்றால் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் போட வேண்டும். கையில் கிடைக்கும் நோட்டீஸ் ஒன்றை எடுத்து, எண் இருக்கிறதா, இணையதளத்தில் அது வருகிறதா என்று பாருங்கள். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை, இரண்டு பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும். நீங்கள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். இருபது வயதில் மேனேஜர் முன்னால் பேசாமல் இருந்ததற்கு யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

ரிப்போர்ட்டுக்கு நோட்டு முழுவதையும் கொட்ட வேண்டாம். இடது பக்கமும் வலது பக்கமும் அதிகமாக மோதிக்கொள்ளும் மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாட்களுக்கு ஒரு அட்டவணை போதும். பட்டாக்காரப் பையனிடம் கேட்டதுபோல உங்களை நீங்களே ‘ஏன் அப்படி நினைத்தேன்?’ என்று கேட்டு, வருகிற பதிலுக்கும் இன்னொரு ‘ஏன்’ போடுங்கள். மூன்றாவது ‘ஏன்’ வரைக்கும் போக வேண்டாம், தத்துவம் ஆகிவிடும்.

சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒரு தகவல். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம் என்று இருந்தால் அது பழசு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது, கூடவே நிலத்துக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு ஏறியது. கையெழுத்துப் போடும்போது நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

சர்வே எண், கதவு எண், வாடிக்கையாளர் பெயர், போன் எண், ஆதார், பான் எதுவும் ரிப்போர்ட்டில் வரக் கூடாது. பத்திர நகலைப் பின்னிணைப்பாக வைக்கிறேன் என்று போட்டோ எடுக்காதீர்கள். தேவையென்றால் ஒரு வெற்றுத் தாளில் நீங்களே மாதிரி எழுதி வைக்கலாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு நாலு நாள் முன்னால் அலுவலகத்தில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். வைவாவுக்குப் போகும்போது நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘என்னம்மா கத்துக்கிட்டே?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை; அந்த மூன்று நாளில் ஒன்றைத் திறந்து, இடது பக்கத்தை முதலில் படித்துக் காட்டுங்கள்.