டேங்க் முதல் சைலன்சர் வரை: புகையைக் கூட்டும் தவறுகள்

புகை கண்ணில் படவில்லை, ஆகவே வண்டி சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதை அடக்குவது சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். எரிபொருள் கெட்டால் முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

எரிபொருளில் உள்ள கந்தகம், கன்வெர்ட்டருக்குள் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வினையை மந்தமாக்கும். அதனால்தான் புதிய வண்டிகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இல்லாத எரிபொருள் தேவை. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் கந்தகம் கூடலாம். வழவழப்புக் குறைந்து பம்பும் தேயும். பெட்ரோலில் கலந்தால் ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், இறங்கி என்ஜின் தட்டும். அதற்காக, மேனுவல் கேட்காத உயர் ஆக்டேன் பெட்ரோலைப் போட்டால் புகை குறையும் என்பதும் வீண் நம்பிக்கை.

பெட்ரோல் என்ஜின் மிஸ் அடிக்கும்போது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் என்ஜின் விக்கும்போது, தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, தேன்கூடு போன்ற உட்பகுதியையே உருக்கிவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். பிளக்கையோ காயிலையோ உடனே மாற்றினால் செலவு அதோடு முடியும். தள்ளிப்போட்டால் கன்வெர்ட்டரும் போகும்.

டீசல் வண்டியில் அதிகம் பாழாவது கரித்துகள் வடிகட்டியான டிபிஎஃப். அதில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காக என்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். அப்போது ஐடில் வேகம் சற்று ஏறும், ஃபேன் ஓடும், சூடான வாடை வரும். அந்த நேரத்தில் வண்டியை அணைப்பதுதான் தவறு. தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடும் வண்டியில் இந்த எரிப்பு ஒருபோதும் முடிவதில்லை. கரி அடைப்பதோடு, எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆயிலை மாற்றுங்கள், இடையிடையே நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும்: கரி எரிந்து போகும், ஆயிலின் உலோகச் சாம்பல் எரியாமல் டிபிஎஃப்பிலேயே தங்கும். டிபிஎஃப்பைக் கழற்றி வெறும் குழாய் மாட்டித் தருபவர்களிடம் போகவே போகாதீர்கள். அது பிடித்துவைத்த கரி முழுவதும் பிறர் நுரையீரலுக்குப் போகும்.

டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்க, தனி டேங்கில் ஊற்றிப் புகைக்குழாயில் தெளிக்கப்படும் யூரியா கரைசலில் யூரியா 32.5 சதவீதம், மீதி தாது நீக்கிய நீர். பயிருக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், தண்ணீரிலுள்ள கால்சியமும் உர யூரியாவில் கலந்திருக்கும் பையூரெட் என்ற கழிவுப் பொருளும் தெளிப்பானின் நுனியில் வெள்ளை உப்பாகப் படிந்து அடைக்கும். தவறி டீசல் டேங்கில் யூரியா கரைசலை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் பம்ப் ஓடி, கரைசல் இன்ஜெக்டர் வரை போய்விடும். வண்டியை இழுத்துச் சென்று டேங்கை முழுதாக வடித்துக் கழுவ வேண்டும்.