இன்குபேட்டரிலிருந்து குஞ்சு பொரிப்பகத்துக்கு: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் செய்ய வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்தில் சிறிய இன்குபேட்டரில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்பவர்கள் பலர் இப்போது பெரிய இயந்திரத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கணவாய்க் காற்றில் தொழில் செய்யும் நமக்கு ஈரப்பதம் கைவசப்பட்ட பிறகுதான் எந்த இயந்திரமும் பயன் தரும்.

படி 1: கணக்கு

வாரம் 3,000 முட்டை வைப்பதாகக் கொள்வோம். பெட்டைகள் நாளுக்கு 60 சதவீதம் முட்டையிட்டு, அதில் 85 சதவீதம் அடைக்குத் தேறினால் சுமார் 850 பெட்டையும், பத்துக்கு ஒன்று வீதம் 85 சேவலும் வேண்டும். திங்கட்கிழமை செட்டரில் (முதல் 18 நாள் முட்டையை அடைகாக்கும் இயந்திரம்) வைத்த முட்டை 18 நாள் கழித்து வெள்ளியன்று ஹேட்சருக்கு (கடைசி மூன்று நாள் வைத்துக் குஞ்சு பொரிக்கும் இயந்திரம்) போய், அடுத்த திங்களன்று பொரியும். செட்டரில் ஒரே நேரத்தில் மூன்று வாரத்து முட்டைக்கு மேல் இருக்காது. ஆகவே 9,000 முட்டை கொள்ளும் செட்டரும் 3,000 கொள்ளும் ஹேட்சரும் போதும்.

வாரம் இருமுறை வைத்தால் குஞ்சு வெளியேறும் அன்றே அடுத்த தொகுதியை ஹேட்சருக்குள் ஏற்ற நேரிடும். கழுவிக் காயவைக்க நேரமிருக்காது. புதியவர்கள் வாரம் ஒருமுறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

தேசிய கால்நடை இயக்கத்தில் 1,000 தாய்க்கோழிகளுடன் பொரிப்பகம் அமைக்க மூலதனச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. கடன் வாங்கும் முன் கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

படி 2: இடம்

முட்டை அறை, செட்டர், ஹேட்சர், குஞ்சு அறை என்று ஒரே திசையில் போக வேண்டும். குஞ்சு அறையில் வேலை செய்தவர் குளித்து உடை மாற்றாமல் முட்டை அறைக்குள் நுழையக்கூடாது. தாய்க்கோழிப் பண்ணையைப் பொரிப்பகத்தோடு ஒட்டிக் கட்டாதீர்கள். 2014-இல் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்ததை நாம் மறக்கவில்லை. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பறவைகளை அழித்துவிடுவார்கள்.

படி 3: முட்டை

முட்டையிடும் பெட்டியில் இட்டதை மட்டும் எடுங்கள். தரையில் கிடந்தது வேண்டாம், கழுவவும் வேண்டாம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் ஏழு நாளுக்குள் பயன்படுத்துங்கள். குளிர்ந்த முட்டையை நேராகச் செட்டரில் ஏற்றினால் ஓடு வியர்த்துக் கிருமி உள்ளே இறங்கும். சில மணி நேரம் வெளி அறையில் வைத்து ஏற்றுங்கள்.

படி 4: ஈரப்பதம்

செட்டருக்கு வெப்பம் 99.5 டிகிரி பாரன்ஹீட், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மார்கழி முதல் மாசி வரை கணவாயில் வீசும் கிழக்குக் காற்று அறையையே உலர்த்திவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்து வரும். ஒரே அமைப்பை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது.

இதைத் தராசில் பிடித்துவிடலாம். காலித் தட்டை நிறுத்து, முட்டை அடுக்கி மறுபடி நிறுங்கள். முட்டை மட்டும் 5,000 கிராம் என்றால் 18-ஆம் நாள் 4,400 கிராம் அளவில் இருக்க வேண்டும். அதாவது 12 சதவீத இழப்பு. ஏழாம் நாளே சுமார் 230 கிராம் குறைந்திருக்கும். 300 குறைந்திருந்தால் காற்று வறண்டிருக்கிறது. 150 மட்டும் குறைந்திருந்தால் ஈரம் மிகுதி. மீதி நாட்களில் திருத்திக்கொள்ள நேரமிருக்கிறது.

ஈரக்குமிழ் வெப்பமானி (குமிழில் ஈரத்திரி சுற்றி ஈரப்பதம் அறியும் கருவி) உள்ள இயந்திரத்தில் அதன் திரியை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உப்புத்தண்ணீர் ஊற்றிய திரி வெள்ளையாகப் பொருக்குத் தட்டி நீரை உறிஞ்சாமல் நிற்கும். அளவு உண்மைக்கு மேல் காட்டும். ஈரம் போதுமென்று எண்ணி இயந்திரம் நீர் தெளிப்பதை நிறுத்திவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை ஊற்றி, திரியை அடிக்கடி மாற்றுங்கள்.

படி 5: ஹேட்சர்

வெப்பத்தை 98.5 டிகிரிக்குக் குறைத்து, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதமாக ஏற்றுங்கள். இந்த வயதில் கருவே வெப்பம் விடும். மின்சாரம் போனால் குளிரைவிடப் புழுக்கம்தான் முதலில் கொல்லும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை கதவைத் திறந்து வையுங்கள். பொரிந்து உலர்ந்த குஞ்சுக்கு அன்றே மேரக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி போட வேண்டும்.

படி 6: பொரியாததை உடைத்துப் பாருங்கள்

கரு இல்லாதவை அதிகமென்றால் செட்டரில் கைவைக்காதீர்கள், சேவலைப் பாருங்கள். இரத்த வளையத்தோடு நின்றவை, அதாவது தொடக்கத்திலேயே கரு செத்தவை, பெரும்பாலும் பழைய முட்டை, அல்லது வண்டியில் குலுங்கியவை. ஓட்டைக் கொத்தித் துளைத்த பிறகு செத்தவை ஹேட்சரின் ஈரத்தையும் காற்றோட்டத்தையும் சந்தேகிக்கச் சொல்கின்றன. எண்ணிக்கையைக் கொட்டகை வாரியாக, அந்த வாரத்துக் காற்றையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு தை மாதமும் ஓர் ஆடியும் கடந்து பொரிப்பு விகிதம் அதிகம் ஆடாமல் நின்றால், அடுத்த செட்டருக்கு முன்பணம் கட்டலாம்.